கல்லடி உப்புக் காற்றில் ஒரு பொண்ட் மணிக்கூடு

ஜேம்ஸ் பொண்ட் கட்டிய மாதிரி ஒரு மணிக்கூடு வேண்டும் என்று ஒருவர் வந்தால், அவரிடம் முதலில் கேட்க வேண்டியது எந்தப் பொண்ட் என்பதுதான். 1962 முதல் 2021 வரை வந்த படங்களில் அந்தக் கையில் ரோலெக்ஸ், பிறைற்லிங், பல்சர், சீக்கோ, டாக் ஹோயர், ஒமேகா என்று பல ஏறி இறங்கிவிட்டன. நிறம், அளவு, பட்டி எல்லாமே ஆளுக்கு ஆள் வேறு. இதைத் தீர்மானிக்காமல் கடைக்குப் போனால், முகப்பில் கொட்டை எழுத்தில் 007 அச்சடித்த ஏதோ ஒன்றைத் தலையில் கட்டி அனுப்பிவிடுவார்கள். ஒற்றன் தன் இலக்கத்தைக் கையில் எழுதிக்கொண்டு திரிவானா?

நான்கு உருவங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது ஷோன் கொனறியின் ரோலெக்ஸ் சப்மரீனர், 6538 என்ற மாதிரி இலக்கமுடையது. கறுப்பு முகப்பு, அதைச் சுற்றிச் சுழலும் கறுப்பு வளையம், ஏறக்குறைய 38 மில்லிமீற்றர் அகலம். நேரம் திருத்தும் பக்கத்துக் குமிழ் பெரியது, 8 மில்லிமீற்றர். இன்றைய சப்மரீனர்களில் குமிழின் இரு பக்கமும் தோள் மாதிரி இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும், இதில் அது கிடையாது. 'டொக்டர் நோ' படத்தில் தோல் பட்டியில் கட்டியிருப்பார். 1964 இன் 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில்தான் கோடு போட்ட துணிப் பட்டி வருகிறது. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது ரொஜர் மூரின் இலக்க மணிக்கூடுகள். 1973 இல் பல்சர், பொத்தானை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் நேரம் காட்டும். 1977 இல் சீக்கோ, அதிலிருந்து செய்தி அச்சடித்த நாடா வெளியே வரும். நாடா கற்பனை, மணிக்கூடு உண்மை.

மூன்றாவது பியர்ஸ் பிரொஸ்னனின் நீல நிற ஒமேகா சீமாஸ்டர். 41 மில்லிமீற்றர், அலை அலையாகக் கோடு விழுந்த முகப்பு, நடுவே வெட்டி எடுத்த முட்கள், பத்து மணிப் பக்கத்தில் இன்னொரு சின்னக் குமிழ். ஆடை வடிவமைப்பாளர் லிண்டி ஹெமிங் இதைத் தெரிவு செய்ததற்குக் காரணம், பொண்ட் ஒரு கடற்படை அதிகாரி, கடற்படைக்காரன் கையில் இதுதான் இருக்கும் என்பது. 1995 இல் வந்தது பற்றரியில் ஓடுவது (2541.80). 1997 முதல் அதே முகத்தோடு தானாகச் சாவி ஏறும் வகை (2531.80).

நான்காவது டானியல் கிரெய்க். 2006 இல் 45.5 மில்லிமீற்றர் ஒமேகா பிளானற் ஓஷன், மெல்லிய கைக்காரருக்கு அது ஒரு சோற்றுத் தட்டு. 2015 இல் கறுப்பு-சாம்பல் கோட்டுப் பட்டியில் சீமாஸ்டர் 300. 2021 இல் 42 மில்லிமீற்றர் டைட்டானியம், கம்பி வலை போன்ற பட்டி.

எதை வாங்குவது

அசல் 6538 ஏலக் கூடத்துப் பொருள், அதை மறந்துவிடலாம். அதிசயம் நடப்பதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1965 இன் படத்தில் கதிர்வீச்சு அளக்கும் கருவியாக மாற்றப்பட்ட பிறைற்லிங்கை ஒருவர் இங்கிலாந்தில் பழைய சாமான் சந்தையில் 25 பவுணுக்கு வாங்கினார். 2013 இல் அது லண்டன் ஏலத்தில் ஒரு லட்சம் பவுணைத் தாண்டியது. காத்தான்குடிச் சந்தையில் அப்படி ஒன்று கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

கொனறி உருவத்துக்கு மலிவான நேர்மையான வழி கசியோ எம்டிவி-106 அல்லது 107. 44 மில்லிமீற்றர், 200 மீற்றர் நீர்க்காப்பு, திருகிப் பூட்டும் குமிழ், பற்றரி. அசலை விடப் பெரியது, ஆனால் தட்டையாக உட்காரும். பிரொஸ்னன் நீலத்துக்கு ஒறியன்ற் மாக்கோ, 41.5 மில்லிமீற்றர், 200 மீற்றர், தானியங்கி. மூர் உருவத்துக்கு கசியோ ஏ158 டபிள்யூ. வெள்ளி நிறச் செயின், சதுர முகம், பற்றரி ஏழு வருடம் வரும். சிவப்பு எழுத்து இல்லை, ஆனால் எழுபதுகளின் வாசனை அப்படியே இருக்கும்.

சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 பற்றி ஒரு குழப்பம் உண்டு. பெயரில் 007 இருப்பதால் பொண்ட் மணிக்கூடு என்று விற்பார்கள். அது வெறும் மாதிரி இலக்கம், படங்களோடு தொடர்பே இல்லை. நல்ல மணிக்கூடு, 2019 வாக்கில் தயாரிப்பு நின்றுவிட்டது. அதன் இடத்தில் வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் பார்வைக்கு அதேதான், ஆனால் 100 மீற்றர் மட்டும், குமிழும் திருகிப் பூட்டாது. கடலுக்குப் போகிறவர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

கட்டார், சவூதி போன உறவினர் கொண்டுவரும் சீக்கோக்களில் கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கும். அது போலிக்கு அடையாளம் அல்ல, அந்தச் சந்தைக்கென்று செய்தது.

பழையதாக வாங்கினால் இன்னொரு கண்ணி உண்டு. இந்தியாவிலிருந்து வரும் பழைய சீக்கோ 5 களில் பல, துருப்பிடித்த முகப்பைச் சுரண்டி, பளிச்சென்ற மஞ்சள், செம்மஞ்சள், நீலம் பூசி, எந்தெந்த மணிக்கூட்டிலிருந்தோ முட்களை எடுத்துப் போட்டவை. சேகரிப்பவர்கள் இதை பம்பாய் ஸ்பெஷல் என்பார்கள். எழுத்தின் ஓரம் தடித்துக் கசிந்திருக்கும். முட்களில் ஒளிரும் பூச்சு ஒரு நிறம், இலக்கப் புள்ளிகளில் வேறு நிறம். பின்மூடியில் பொறித்த இலக்கத்தையும் முகப்பின் அடியில் உள்ள பொடி எழுத்தையும் ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு இயந்திரத்தைச் சொல்லும்.

போலி ஒமேகாவைப் பிடிக்க எல்லோரும் சொல்லும் வழி, நொடி முள் டிக் டிக் என்று துள்ளினால் போலி என்பது. அது பிழை. 2541.80 அசலே பற்றரியில் ஓடுவதால் துள்ளத்தான் செய்யும். பத்து மணிப் பக்கத்துக் குமிழைப் பாருங்கள். அசலில் அது ஹீலியம் வாயு வெளியேறும் வால்வு, திருகினால் கழலும். மலிவுப் போலிகளில் ஒட்டிவைத்த பொம்மை. மலிவு இலக்க மணிக்கூடான கசியோ எப்-91 டபிள்யூவுக்கு வேறு வழி: வலது பக்கப் பொத்தானை மூன்று நொடி அமுக்கிப் பிடித்தால் திரையில் கம்பனியின் பெயர் வரும். வராவிட்டால் போலி. வந்தாலும் அதை மட்டும் நம்பிவிட வேண்டாம், போலிக்காரனும் அதைப் படித்துவிட்டான்.

சீக்கோவின் என்எச்35 இயந்திரத்தை வைத்து மணிக்கூட்டைத் தாங்களே கோர்ப்பவர்களும் இருக்கிறார்கள். முகப்பு 28.5 மில்லிமீற்றர், முட்கள் அந்த இயந்திரத்துக்கென்றே விற்பவை. அதிகம் கெடுவது குமிழின் தண்டை வெட்டும்போதுதான். ஒரு மில்லிமீற்றர் கூட வெட்டிவிட்டால் புதுத் தண்டு வாங்க வேண்டும், ஆகவே கால் மில்லிமீற்றராக அராவிப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெயர் இல்லாத முகப்பைப் போடுங்கள். சீக்கோ இயந்திரத்தின் மேல் ஒமேகா என்று எழுதினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கள்ளச் சாமான்தான்.

கையை அளப்பது

விளம்பரத்தில் போடும் மில்லிமீற்றர் வட்டத்தின் அகலம். கையில் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது அது அல்ல. பட்டி மாட்டும் காதுகளில், மேல் காதின் நுனியிலிருந்து கீழ்க் காதின் நுனி வரையுள்ள நீளம்தான். மணிக்கட்டின் மேற்பக்கத் தட்டை இடத்துக்கு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து அளந்தால் பெரும்பாலும் 48 முதல் 55 மில்லிமீற்றருக்குள் வரும். மணிக்கூட்டின் நீளம் அதைத் தாண்டக் கூடாது. கொப்பி மட்டையில் அந்த நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கையில் வைத்துக் கண்ணாடியில் பாருங்கள். ஓரம் வெளியே நீட்டினால் அந்த மணிக்கூடு உங்களுக்கு வேண்டாம், கிரெய்க் கட்டியிருந்தாலும் வேண்டாம்.

செயினை மாலையில் அளவெடுக்க வேண்டும். காலையில் சரியாக இருக்கும் செயின், மதிய வெயிலில் கை வீங்கியதும் அச்சுப் பதிக்கும். பூட்டிய பிறகு செயினுக்கும் கைக்கும் இடையே சுண்டுவிரல் நுழைய வேண்டும். கண்ணிகளை இரு பக்கமும் சமமாகக் கழற்றினால்தான் பூட்டு கைக்கு நடுவே நிற்கும். ஊசியை அம்புக்குறி காட்டும் திசையிலேயே தள்ளிக் கழற்றுங்கள். சில சீக்கோச் செயின்களில் ஊசியோடு கடுகளவு குழாய் ஒன்றும் இருக்கும். ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வேலை செய்யாவிட்டால் அது காணாமல்போவது உறுதி.

கோட்டுப் பட்டி

'கோல்ட்ஃபிங்கர்' தொடக்கத்தில் பொண்ட் லைற்றர் வெளிச்சத்தில் நேரம் பார்க்கும் கணம்தான் இந்தப் பட்டியின் பிறப்பு. பழைய பிரதிகளில் நிறம் மங்கித் தெரிந்ததால் பல வருடங்களாக அது கறுப்பும் சாம்பலும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். தெளிவான பிரதி வந்த பிறகுதான் கருநீலத்தில் ஒலிவ் பச்சையும் மெல்லிய சிவப்பும் ஓடுவது தெரிந்தது. கறுப்பு-சாம்பல் பிழையாகப் பிறந்தாலும் அதற்கென்றே ஓர் இடம் கிடைத்துவிட்டது, 2015 இல் கிரெய்க் கட்டியது அந்த வகைதான். இதை நேட்டோ பட்டி என்று விற்பார்கள். அந்த வகைக்கு அடிப்படையான பிரித்தானியப் படையின் விதிமுறை 1973 இல்தான் வந்தது, ஆக கொனறியின் கையில் இருந்தது நேட்டோ அல்ல.

இன்னொன்று, அந்தப் பட்டி மணிக்கூட்டுக்குச் சிறியது. காதுகளுக்கு நடுவே 20 மில்லிமீற்றர் இடைவெளியில் ஏறக்குறைய 16 மில்லிமீற்றர் பட்டி. பட்டியைத் தாங்கும் ஊசி இரு பக்கமும் வெளியே தெரியும். அதையும் அப்படியே காப்பி அடிப்பவர்கள் உண்டு. படம் எடுக்கச் சரி, தினமும் கட்ட வேண்டாம். பட்டி அங்குமிங்கும் வழுக்கி ஊசியைத் தேய்க்கும். காதுகளின் இடைவெளியை அளந்து அதே அகலத்தை வாங்குங்கள். எம்டிவி-106 க்கும் மாக்கோவுக்கும் 22 மில்லிமீற்றர்.

மாட்டும் முறை இதுதான். மணிக்கூட்டை முகம் கீழாகத் துணியில் வைத்து, பழைய பட்டியின் ஊசிகளைக் கழற்றி, வெறும் ஊசிகளைத் திரும்பவும் காதுகளில் போடுங்கள். இரு முனையும் துளையில் விழுந்த டிக் சத்தம் கேட்க வேண்டும், விரலால் இழுத்தும் பாருங்கள். பட்டியின் நீண்ட நுனியைப் பன்னிரண்டு மணிப் பக்க ஊசிக்கும் உடலுக்கும் நடுவே மேலிருந்து நுழைத்து, முதுகு வழியே ஓடவிட்டு, ஆறு மணிப் பக்கம் மேலே எடுங்கள். பக்கிள் பன்னிரண்டு மணிப் பக்கம் இருக்கும். இனி அடியில் தொங்கும் சின்னத் துண்டின் உலோக வளையத்துக்குள் நுனியை விட்டு இழுத்தால் மணிக்கூடு நகராது. மீதி நுனியை மடித்து வெளி வளையத்துக்குள் செருகலாம்.

இதில் ஒரு குறை, முதுகில் இரண்டு மடிப்புத் துணி வருவதால் மணிக்கூடு இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் உயரும். ஏற்கெனவே தடித்த மணிக்கூடு என்றால் அந்தச் சின்னத் துண்டை வெட்டிவிட்டு ஒற்றை மடிப்பாகக் கட்டலாம். ஒரு நன்மையும் உண்டு. ஓர் ஊசி முறிந்தாலும் மற்ற ஊசியில் மணிக்கூடு தொங்கிக்கொண்டிருக்கும். அறுகம் குடாவில் அலைச் சறுக்குபவருக்கும் தோணியில் வலை இழுப்பவருக்கும் இது பெரிய விஷயம். சீக்கோ டைவர்களின் தடித்த ஊசிக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் மெல்லிய ஊசியைப் போட்டால் அந்த நன்மை போய்விடும்.

உப்பும் வோஷரும்

மட்டக்களப்புக் கல்லடி போல வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழ்பவருக்கு மணிக்கூட்டின் பெயரை விட அதன் றப்பர் வோஷர் முக்கியம். பின்மூடிக்குக் கீழே ஒன்று, குமிழுக்குள் ஒன்று அல்லது இரண்டு, கண்ணாடியைச் சுற்றி ஒன்று. வியர்வையும் உப்பும் சூடும் சேர்ந்து இவற்றை இறுக்கிவிடும். இறுகிய வோஷர் தண்ணீரை மறிக்காது.

முகப்பில் எழுதிய மீற்றரை ஆழமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 30 மீற்றர் என்றால் மழைத்துளி, கை கழுவுதல். 50 என்றால் கிணற்றடிக் குளிப்பு. பாசிக்குடாவில் நீந்த 100, அலையில் அடிபட 200. 1942 ஏப்ரல் 9 இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் கிடப்பது ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில். 50 மீற்றர் என்று எழுதிய மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு அங்கே இறங்க எண்ண வேண்டாம். அங்கே போகிறவர்கள் நம்புவது டைவிங் கம்பியூட்டரை.

பழைய மணிக்கூடு வாங்கியதும், கடலுக்குக் கொண்டுபோக முன்னரும், இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மணிக்கூட்டை 40 முதல் 45 பாகை சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். தொட்டால் நல்ல சூடு, ஆனால் கை பொறுக்கும், அதுதான் அளவு. கண்ணாடியின் நடுவே அறைச் சூட்டுத் தண்ணீர் ஒரு துளி விட்டு ஒரு நிமிடம் பொறுத்துத் துடையுங்கள். துளி இருந்த இடத்தில் உட்பக்கம் புகை மாதிரி படிந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. டைவிங் மணிக்கூட்டுக்கான சர்வதேச நியமத்தில் உள்ள சோதனையே இது.

புகை படிந்தால் வெயிலில் காயவைப்பது பிழை. ஈரம் ஆவியாகி இயந்திரத்தின் மேல் படியும், குமிழ்ப் பக்கத்து இரும்புத் துண்டுகள்தான் முதலில் துருப்பிடிக்கும். குமிழை வெளியே இழுத்துவிட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் போட்டு, அடுத்த நாளே திருத்துபவரிடம் கொடுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் குமிழுக்குள் தவிடு போவதுதான் மிச்சம்.

கடலில் இருந்து வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, வளையத்தை முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அடியில் உப்பும் மணலும் இறுகினால் வளையம் நின்றுவிடும். திருகுக் குமிழைப் பூட்டும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்பி, புரி விழும் சின்னத் தட்டலை உணர்ந்த பிறகு அமுக்கி வலப்பக்கம் திருகுங்கள். நேரடியாக வலித்தால் புரி குறுக்கே ஏறும், ஒரு தரம் ஏறினால் குமிழோடு குழாயும் மாற்ற வேண்டும்.

பற்றரி மாற்றும் நாள்தான் வோஷரைப் பார்க்கும் நாள். திருத்துபவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "காக்கா, மூடி திறக்கக்குள்ள வோஷரையும் எடுத்துப் பாருங்க, இறுகியிருந்தா புதுசு போடுங்க." "அந்த அளவு இல்ல தம்பி, கிறீஸ் பூசித் தாறன்" என்று பதில் வந்தால், அந்த மணிக்கூடு இனி மழைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பூசுவது சிலிக்கன் கிறீஸாக இருக்க வேண்டும், வோஷர் மினுங்கும் அளவுக்கு மட்டும். வசலின் வேண்டாம், எங்கள் வெயிலுக்கு உருகி உள்ளே இறங்கும்.

பற்றரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எஸ்ஆர்626, எல்ஆர்626 இரண்டும் ஒரே அளவு. முதலாவது சில்வர் ஒக்சைட், 1.55 வோல்ற்றில் கடைசிவரை நிற்கும். இரண்டாவது அல்கலைன், ஏஜி4 என்ற பெயரிலும் வரும், விலை குறைவு. சீக்கிரம் தளர்ந்து, பொங்கிக் கசிந்து உள்ளே பச்சை பூக்க வைக்கும். மூன்று வருடம் வர வேண்டிய பற்றரி ஏழெட்டு மாதத்தில் நின்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் எல்ஆர்.

கட்டுவது

பொண்ட் டைவிங் மணிக்கூட்டைக் கோட் சூட்டோடு கட்டியதும் அந்தப் பழக்கம் பரவ ஒரு காரணம். இங்கே கோட் கல்யாணத்து மாப்பிள்ளைக்கு மட்டும். நீளக்கைச் சேர்ட்தான் பிரச்சினை. 13 மில்லிமீற்றர் தடிப்புள்ள மணிக்கூடு சாதாரணக் கஃபுக்குள் போகாது, மேலே ஏறி நிற்கும். தையற்காரரிடம் இடது கஃபை மட்டும் அரை அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்லுங்கள். வெளியே யாருக்கும் தெரியாது.

வேட்டிக்கு இரும்புச் செயின் அழகு. கோட்டுப் பட்டி அரைக்கைச் சேர்ட்டுக்கும் சாரத்துக்கும் பொருந்தும், செத்த வீட்டுக்குச் சிவப்புக் கோடு உறுத்தும். இது எங்கள் கண், உங்கள் கண் வேறாக இருக்கலாம்.

வளையத்தை அலங்காரமாக விட்டுவிட வேண்டாம். பூச்சியப் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால், பிறகு முள் காட்டும் எண்ணே கழிந்த நிமிடம். பஸ்ஸுக்கும் அடுப்பில் வைத்த பருப்புக்கும் இது போதும். வளையம் ஒரே பக்கம் சுற்றுவதற்குக் காரணம், தவறித் தட்டுப்பட்டால் கழிந்த நேரம் கூடுதலாகக் காட்டுமே தவிரக் குறைத்துக் காட்டாது, நீரடியில் இருப்பவர் முந்தியே மேலே வருவார்.

தானியங்கியில் இரவு ஒன்பது மணி முதல் விடிகாலை நான்கு மணி வரை திகதியைக் கையால் மாற்றக் கூடாது. அந்நேரம் திகதிச் சக்கரத்தில் பற்சில்லு மாட்டியிருக்கும், பல் முறியும். நின்றுபோன மணிக்கூட்டில் அது இரவா பகலா என்று தெரியாது. ஆகவே முட்களை முன்னே சுற்றித் திகதி மாறும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து காலை ஆறு மணிக்குக் கொண்டுவந்த பிறகு திகதியை மாற்றுங்கள். திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் முந்த ஆரம்பித்தால் காந்தம் ஏறியிருக்கும், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். போனில் திசைகாட்டியைத் திறந்து மணிக்கூட்டை அருகில் கொண்டுபோங்கள். ஊசி ஆடினால் திருத்துபவரிடம் உள்ள காந்த நீக்கி ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடும்.

மாரி மழை தொடங்கினால் தோல் பட்டிகளைக் கழற்றி வையுங்கள், இரண்டு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா ஒன்றில் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம், மணிக்கூடுகள் தனித்தனித் துணியில். றப்பர் பட்டியும் தோல் பட்டியும் ஒன்றையொன்று தொட வேண்டாம், நிறம் ஒட்டும். நைலோன் பட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கசக்கி நிழலில் உலர்த்துங்கள். தை பிறக்கும் வரை கட்டப்போவதில்லை என்றால் பழைய பற்றரியையும் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள்.